பிலிப்ஸ் திருத்துகிறவர்

கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையின் பதிவு மேசையில் நடந்த சின்ன விசயம். ஒன்றரை வருசமாகியும் என் மனதை விட்டுப் போகவில்லை. அப்பாவின் பேரைக் கேட்டாள் மேசையில் இருந்த பிள்ளை. "பிலிப்பு" என்றேன். அவள் சிரித்தபடி, மேற்பல்லைக் கீழுதட்டில் வைத்துக் காட்டி, "ஃபிலிப்தானே அன்ரி?" என்றாள். தமிழ்ப் பிள்ளைதான். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, ஊரிலிருந்து வந்தவர்களுக்கு உதவி செய்கிற நினைப்பு. கடைசியில் அட்டையில் விழுந்தது ஃபிலிப்புமில்லை, பிலிப்புமில்லை. 'பிலிப்ஸ்' என்று ஒரு எழுத்தைக் கூட்டி அடித்துவிட்டாள். நான் வாய் திறக்க முன்னம், அப்பா அட்டையை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் பிலிப்ஸ் இல்லை பிள்ளை. பிலிப்ஸ் திருத்துறவன்."

அது அவர் நாற்பது வருசமாகச் சொல்லிவந்த வசனம். திருகோணமலை மத்திய வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில், எங்கள் வீட்டு முன்னறையிலேயே அவருடைய றேடியோக் கடை இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. யன்னலில் ஒரு பழைய பிலிப்ஸ் தகடு மட்டும் தொங்கும்: வட்டத்துக்குள் மூன்று அலை, நாலு நட்சத்திரம். அதைப் பார்த்தவர்கள் பிலிப்பு என்பது தொழிலால் வந்த பட்டப்பேர் என்றே நம்பினார்கள். "உங்கட அப்பாவின்ர உண்மையான பேர் என்ன?" என்று பள்ளிக்கூடத்தில் என்னைக் கேட்டிருக்கிறார்கள். சிலர் ஒரு படி மேலே போய், கம்பனிக்காரருக்குச் சொந்தமோ என்று கேட்பார்கள்.

திருத்த வருகிற ஒவ்வொரு செற்றிலும் அப்பா ஓர் அட்டைத் துண்டு கட்டுவார். சிகரட் பெட்டியை வெட்டி, ஓட்டை போட்டு, நூல் கோத்து, பென்சிலால் சொந்தக்காரரின் பேர். ஊரில் ஒரே பேரில் நாலு பேர் இருப்பது புதினமில்லை. ஆகவே 'கந்தையா – சல்லி', 'கந்தையா – மீன்கடை', 'கந்தையா – பெரியாஸ்பத்திரி' என்று அட்டைகள் ஆடும். ஒரு தரம் நான் அட்டையை மாற்றிக் கட்டி, மீன்கடைக்காரரின் செற் சல்லிக் கிராமத்துக்குப் போய்விட்டது. அப்பா அடிக்கவில்லை. "பேர் ஒண்டா இருந்தா ஆள் ஒண்டில்லை பிள்ளை" என்று மட்டும் சொன்னார். சைக்கிளில் சல்லி மட்டும் போய் அதை வாங்கி வந்தார்.

அப்பாவின் பேர்க்காரர்கள்

அப்பா பிறந்தது 1941 மே முதலாந்திகதி. அந்தக் காலத் திருச்சபை நாட்காட்டியில் அது அப்போஸ்தலர்களான பிலிப்புவுக்கும் யாக்கோபுவுக்கும் உரிய திருநாள். அப்பம்மாவுக்குப் பேர் தேடுகிற வேலையே இருக்கவில்லை. 1955இல் பாப்பரசர் மே முதலாந்திகதியைத் தொழிலாளரான சூசையப்பருக்குக் கொடுத்துவிட, பிலிப்புவின் திருநாள் 11ஆந் திகதிக்குத் தள்ளிப்போய், 1969இல் 3ஆந் திகதிக்கு வந்து சேர்ந்தது. பேர் தந்த நாள் இப்படி நகர்ந்து போனதில் அப்பாவுக்குக் கவலை இல்லை. தானும் தொழிலாளிதானே என்பார்.

நற்செய்தியில் பிலிப்பு அதிகம் பேசாத சீடர். ஐயாயிரம் பேருக்கு அப்பம் எங்கே வாங்கலாம் என்று இயேசு கேட்டபோது, ஆளுக்கொரு துண்டென்றாலும் இருநூறு தெனாரியத்துக்கு வாங்கினால் காணாது என்று கணக்குச் சொன்னவர் அவர். அப்பாவுக்கு மிகவும் பிடித்த இடம் அது. "கணக்குப் பாத்துத்தான் சொல்லியிருக்கிறார்" என்பார். அப்போஸ்தலர் பணிகளில், எத்தியோப்பிய அதிகாரியின் தேரோடு கூட ஓடிப்போய்க் கதைக்கிற பிலிப்பு வேறு ஆள். அவர் திருத்தொண்டர். இந்த இருவரையும் ஒருவராக்கிப் பிரசங்கம் வைத்தவர்களைக் கேட்டிருக்கிறேன். சல்லிக்குப் போன மீன்கடைக் கந்தையாவின் செற்தான் அப்போது ஞாபகத்துக்கு வரும்.

பிலிப்ஸ் கம்பனியை 1891இல் ஒல்லாந்தின் ஐந்தோவனில் தொடங்கியவர்கள் ஜெராட் பிலிப்சும் அவருடைய தகப்பன் பிரெடெரிக்கும். முதலில் செய்தது மின்குமிழ். றேடியோ 1920களின் கடைசியில்தான் வந்தது. (பிரெடெரிக் என்றதும் ஊர்க்காரருக்கு எங்கள் பிரெடெரிக் கோட்டை நினைவு வரும். அது இங்கிலாந்து இளவரசர் ஒருவரின் பேர். இந்த ஒல்லாந்தருக்கும் அதற்கும் தொடர்பில்லை.) அப்பாவின் மேசையில் இன்னொரு பிலிப்ஸும் இருந்தது: நாங்கள் ஸ்டார் என்று சொல்கிற ஸ்குறூ ட்றைவர். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்து ஹென்றி பிலிப்ஸ் என்பவர் 1936இல் காப்புரிமை எடுத்த ஆணித்தலை அது. கார் தொழிற்சாலையில் இயந்திரத்தால் முடுக்கும்போது வழுக்காமல் நடுவில் போய் நிற்க வேண்டும் என்று நாலு பக்கமும் வெட்டினார்கள். ஆங்கிலத்தில் அவருடைய பேருக்கு ஓர் எல் எழுத்துக் கூட. பழைய பிலிப்ஸ் வால்வு றேடியோவைத் திறக்க இந்தப் பிலிப்ஸ் ட்றைவர் பெரும்பாலும் உதவாது. அதற்குள் இருப்பவை நேர்வெட்டு ஆணிகள். ஆக, பிலிப்ஸைப் பிலிப்ஸால் திறக்க முடியாது, பிலிப்பு வரவேண்டும்.

எங்கள் ஊரின் பேருக்கும் இது நடந்திருக்கிறது. 'திரிங்கோமலி' என்று ஒரு போர்க்கப்பல், 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டியது. இப்போது இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் காட்சிக்கு நிற்கிறது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு எங்கள் ஊரின் பேர் ஒரு கப்பல். கோணேசரும் தெரியாது, கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் தெரியாது.

உப்பு, பருப்பு, பிலிப்பு

எல்லாப் பிலிப்புக்கும் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. பிலோஸ் என்றால் நேசிக்கிறவர், ஹிப்போஸ் என்றால் குதிரை. பிலிப்போஸ், குதிரையை நேசிக்கிறவர். இந்தப் பேர் பொருந்துகிற ஒரு பெரிய ஆள் அலெக்சாந்தரின் தகப்பன், மசிடோனிய அரசர் இரண்டாம் பிலிப்பு. கி.மு. 356இல் ஒலிம்பியாப் போட்டியில் அவருடைய குதிரை வென்றது; குதிரையையும் வீரனையும் தன் வெள்ளிக் காசில் பொறித்துக்கொண்டார். அதே வருசம் ஓர் ஊரைப் பிடித்துப் பிலிப்பி என்று பேர் வைத்தார். பவுலடியார் 'பிலிப்பியருக்கு' எழுதியது அந்த ஊர்ச் சபைக்குத்தான். அப்பாவோ குதிரையைக் கிட்டப் போய்த் தொட்டவரில்லை. கோட்டைக்குள் திரிகிற மான்களுக்கு வாழைப்பழத் தோல் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

நான் முப்பது வருசம் தமிழ் படிப்பித்தவள். ஆகவே அந்த மேசைப் பிள்ளைக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். வல்லின மெய்யில் ஒரு சொல்லை முடிக்கத் தமிழ் வாய் சம்மதிக்காது. ஓர் அரை உகரத்தை வைத்துத்தான் இறக்கும். உப்பு, பருப்பு, அடுப்பு எல்லாம் வன்றொடர்க் குற்றியலுகரம். பிலிப்புவும் அந்த வரிசையில் கூச்சமில்லாமல் வந்து உட்கார்ந்த சொல். போர்த்துக்கீசரின் 'ஃபிலிப்பெ'யை எங்கள் முப்பாட்டிகள் அடுப்படிச் சொல்லாக்கி வைத்தார்கள். பிழையாகச் சொல்லவில்லை, தமிழாகச் சொன்னார்கள்.

இன்னுமொன்று. பழைய கிரேக்கர் அந்த முதலெழுத்தை 'ஃப' என்று ஊதவே இல்லை. மூச்சோடு வெடிக்கிற 'ப' அது. வடமொழியில் கனியைச் சொல்லும் 'பலம்' என்ற சொல்லின் முதலொலி போல. அதனால்தான் ரோமர் அதைத் தங்கள் எழுத்தில் 'பி'யும் 'எச்'சும் சேர்த்து எழுதினார்கள். ஆங்கிலக்காரர் இன்றைக்கும் அப்படியே எழுதுகிறார்கள். பல்லையும் உதட்டையும் சேர்த்து ஊதுகிற ஒலி பல நூற்றாண்டு கழித்து வந்தது. மசிடோனியாவின் பிலிப்புவை அவருடைய காலத்தில் அழைத்த குரலுக்கு, உதடு கடித்த அந்த 'ஃபிலிப்'பைவிட எங்கள் அப்பம்மாவின் "பிலிப்பூ, சாப்பிட வா" கிட்டத்தில் நிற்கிறது. தமிழ் அதைக் கட்டிக்காத்தது என்று பெருமை பேசவரவில்லை. சுற்றிச் சுற்றிப் போய்த் தற்செயலாகப் பழைய வாசலில் வந்து நிற்கிறது, அவ்வளவே. ஆனால் திருத்தப்பட வேண்டிய உச்சரிப்பு அது இல்லை.

இதே தேடலில் என்னை உறுத்திய ஒன்றும் கிடைத்தது. ஸ்பானிய அரசர் இரண்டாம் பிலிப்பு இளவரசராக இருந்தபோதே, 1543இல், அவருடைய பேரைக் கடலுக்கப்பால் தீவுகளுக்கு வைத்தார்கள், அதுதான் பிலிப்பைன்ஸ். 1580இல் போர்த்துக்கலும் அவர் கைக்கு வந்தது. அவருடைய பேரனும் ஒரு பிலிப்பு, 1621இல் முடிசூடினார். அந்தப் பேரனின் ஆட்சியில்தான் போர்த்துக்கீசத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சாவின் ஆட்கள் எங்கள் ஊர்ச் சுவாமிமலையில் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களாலேயே 1624இல் கோட்டை கட்டினார்கள். குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கி பிரிப்பான் என்று சொல்லும் கல் இன்றைக்கும் கோட்டை வாசலில் இருக்கிறது. அதன் கீழால்தான் நாங்களும் கடற்காற்று வாங்கப் போவோம். அந்தக் கல்லுக்கும் என் தகப்பனுடைய பேருக்கும் நடுவில் ஓர் அரசன் நிற்கிறான் என்று தெரிந்த இரவு நித்திரை வரவில்லை.

எங்கள் ஒழுங்கை முனையில் ஓர் அம்மன் கோயில். திருவிழா நடுவில் ஆம்ப்ளிபயர் ஊமையாகிப் போனால் ஐயா எங்கள் வீட்டுக்குத்தான் ஆள் அனுப்புவார். அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஈயக்கோலையும் எடுத்துக்கொண்டு ஓடுவார். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வாகன மண்டபத்துக் குந்தில் இருந்து பெட்டியைத் திறப்பார். வெளியே தேர் நிற்கும், சனம் நிற்கும். "பிலிப்பண்ணை, எவ்வளவு நேரம்?" "கொஞ்சம் பொறுங்கோ, அம்மன் என்ன ஓடியே போகப்போறா?" பிறகு ஊதுகுழாய் ஒருதரம் இருமிவிட்டு நாதஸ்வரத்தை எடுக்கும். இதற்கு அவர் காசு வாங்கியதில்லை. மறுநாள் காலை ஒரு சருவச் சட்டி நிறையப் பொங்கல் வரும். எங்கள் ஒழுங்கையில் பிலிப்பு என்றால் இந்த ஆள்தான். மாட்ரிட்டில் இருந்த அரசனை அங்கே ஒருவருக்கும் தெரியாது.

கடற்குதிரை

இந்தப் பேர் ஆராய்ச்சி முழுக்க எங்கே தொடங்கியது என்பதை இன்னும் சொல்லவில்லை. பதிவு மேசையில் இல்லை. அன்று பின்னேரம், வைத்தியரின் அறையில்.

அப்பா அதற்கு ஆறேழு மாதம் முதலே தடுமாறத் தொடங்கியிருந்தார். சாப்பிட்டுக் கை கழுவின கையோடு "சாப்பிட்டிட்டமா?" என்பார். சின்னம்மா செத்ததைச் சொன்னால் ஒவ்வொரு தரமும் புதுச் செய்தியாகக் கேட்டு அழுவார். அதனால் சொல்வதை விட்டுவிட்டோம். வைத்தியர் இளம் பெடியன், பொறுமையானவர். ஸ்கான் படத்தை வெளிச்சத்தில் வைத்து, பேனாவின் மூடியால் இரண்டு இடங்களைத் தொட்டார். இடதில் ஒன்று, வலதில் ஒன்று. "இதுதான் ஹிப்போகாம்பஸ். புதுசா நடக்கிற விசயங்களை எடுத்து வைக்கிற இடம். உங்கட அப்பாவுக்கு ரெண்டு பக்கமும் சுருங்கியிருக்கு." பிறகு எனக்கு விளங்க வேண்டும் என்று, "பாக்க ஒரு கடற்குதிரை மாதிரி இருக்கும், அதால வந்த பேர்" என்றார்.

கடற்குதிரையை எனக்குக் காட்டினவரே அப்பாதான். டச்சுக் குடாக் கரையில் வலை உதறுகிறபோது, பாசிக்குள் சிக்கி வந்தது. என் சுண்டு விரல் நீளம். அவருடைய உள்ளங்கையில் கிடந்து வாலைச் சுருட்டி அவர் விரலைப் பிடித்துக்கொண்டது. "பார், பிடிக்குது" என்றார். பிறகு முழங்காலளவு தண்ணீருக்குள் இறங்கி, அது தானாக விடுமட்டும் கையைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு நின்றார்.

இரவு பஸ் ஹபரணை தாண்டியபோது அப்பா என் தோளில் நித்திரை. நான் போனை எடுத்து அந்தச் சொல்லைத் தேடினேன். ஹிப்போஸ், குதிரை. காம்போஸ், கடல் விலங்கு. 1587இல் இத்தாலிய வைத்தியர் அரான்சியோ மூளைக்குள் கண்ட உறுப்புக்கு இந்தப் பேரை வைத்தார். நீர்யானைக்கும் கிரேக்கத்தில் ஆற்றுக் குதிரை என்றுதான் பேர். எங்களவர் அந்த உடம்பைப் பார்த்து யானை என்று சொன்னார்கள். வைத்தியர்கள் சத்தியம் செய்கிற ஹிப்போகிரட்டீசின் பேரிலும் அதே குதிரை. கடைசியாக, பிலிப்போஸ்.

கந்தளாய்க் குளத்துப் பக்கம் இருட்டாக இருந்தது. என் தகப்பனின் பேரில் இருக்கிற அரைச் சொல்லும், அவரை எங்களிடமிருந்து மெல்ல மெல்லக் கொண்டுபோகிற இடத்தின் அரைச் சொல்லும் ஒன்று. குதிரையை நேசிக்கிறவருக்குக் குதிரை வாடுகிறது. யாரோ இதை எழுதிவைத்தது போல நெஞ்சு இடித்தது. வீடு வந்து சேரும்வரை அதை நம்பிக்கொண்டு இருந்தேன். அதற்குப் பிறகுதான் மாதக்கணக்கில் பிலிப்புகளைத் தேடினேன்: அரசர்கள், ஆணிகள், தீவுகள். தேடத் தேட நெஞ்சு ஆறியது, ஏனென்றால் ஒருவருக்கும் ஒருவர் உறவில்லை. மசிடோனியரின் குதிரை வென்றதும், ஒரிகன்காரரின் ஆணி வழுக்காமல் நின்றதும், என் அப்பாவின் ஞாபகம் தேய்வதும் தனித்தனி. மூன்று கந்தையாக்களுக்கும் ஒரே விதி கிடையாது. இப்படி நினைத்துத்தான் என்னை ஆற்றிக்கொள்கிறேன். சில இரவுகளில் அது ஆற்றுவதில்லை.

நூல்

போன மாரியில், அலுமாரிக்கு மேலிருந்த வால்வு செற்றை இறக்கினேன். 1957இல் வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலைத் தளத்தை விட்டுப் போகும்போது யாரோ ஒரு மாலுமி விற்றுவிட்டுப் போனது. பதினாறு வயதில் வேலை பழகிய கடையில் அப்பா அதைச் சம்பளத்துக்குப் பதிலாக வாங்கினார். ஐரோப்பாவுக்கென்று செய்த செற். கண்ணாடியில் ஊர்ப் பேர்கள்: ஹில்வர்சம், லக்சம்பேர்க், பாரிஸ், ரோம். அந்த ஊர்கள் எதுவும் இங்கே எடுக்காது. எந்தப் பேருக்குக் கிட்ட எந்த நிலையம் வரும் என்று அப்பாவுக்கு மனப்பாடம். பாரிசுக்கு ஒரு நெல்லளவு இடப்பக்கம் கொழும்பு.

டயல் நூல் அறுந்து, முள் ஒரு மூலையில் விழுந்து கிடந்தது. மேசையில் வைத்துப் பின்பலகையைக் கழற்றினேன். ஏதாவது செய்வார் என்று எதிர்பார்த்து இல்லை, சும்மா பக்கத்தில் இருக்கட்டும் என்றுதான். அன்று காலை என்னை "ரீச்சர்" என்று கூப்பிட்டிருந்தார். செற்றைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டார். கையை நீட்டினார். பின்னல் நூல் உருண்டையைக் கொடுத்தேன். ஈயம் ஒட்ட வைத்திருந்த குங்கிலியக் கட்டியில் நூலை ஒருதரம் இழுத்தார், வழுக்காமல் இருக்க. நுனியில் முடிச்சுப் போட்டு, சக்கரத்தின் உள்ளே இருக்கிற சுருள்வில்லில் கொழுவினார். வெளியே எடுத்து, சின்னக் கப்பி, பெரிய கப்பி, மேல்வரி, பிறகு திருகுதண்டில் மூன்று சுற்று. நாக்கு நுனி வெளியே நின்றது, முந்தியெல்லாம் நிற்கிற மாதிரியே. கை பழகிய வேலை வேறு இடத்தில் இருக்கும், அது கடைசியில்தான் போகும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

மூன்றாவது சுற்றில் கை நின்றது. சுற்றினதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திரும்பக் கழற்றினார். மறுபடி சுற்றினார், இந்த முறை மற்றப் பக்கமாக. பிழை என்று எனக்குத் தெரியும், அந்த மேசைக்குக் கீழே வளர்ந்தவள் நான். பேசாமல் இருந்தேன். முள்ளைக் கொழுவி, பூட்டி, திருகினார். வலப்பக்கம் திருக முள் இடப்பக்கம் போனது.

வால்வுகள் சூடேற வழக்கம்போல ஒரு நிமிசம். தூசி கருகுகிற மணம். முதலில் இரைச்சல், பிறகு அக்கரையிலிருந்து ஒரு தமிழ்க் குரல், மழைச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. முள் நின்ற இடம் ஹில்வர்சம். அப்பா செற்றின் முன்துணிக்குக் கிட்டக் காதைக் கொண்டுபோய்க் கேட்டார். "சத்தம் நல்லா இருக்கு" என்றார். "ஆற்ற செற் இது?"

"பிலிப்பு எண்டு ஒருத்தற்ற."

தலையாட்டினார். மேசை லாச்சியைத் திறந்து துழாவி ஓர் அட்டைத் துண்டை எடுத்தார். ஓட்டை ஏற்கெனவே போட்டிருந்தது. பென்சில் கேட்டார், கொடுத்தேன். மூன்று எழுத்தும் ஒற்றும், பிசகில்லாமல், ஓர் எழுத்துக் கூடாமல்: பிலிப்பு. மிச்ச நூலில் கோத்து, திருகியில் கட்டி, பல்லால் கடித்து அறுத்தார்.

"வந்தா குடுங்கோ" என்றார். "நூல் மட்டுந்தான் போட்டது. காசு வாங்க வேண்டாம்."